இழுப்பு

கம்பம்மெட்டு ஏற்றத்தில் என் ஜீப்பின் இன்ஜின் வெடித்தபோது வண்டிக்குள் பதினாறு பெண்கள் இருந்தார்கள். வெடித்தது என்றால் தீப்பிடித்து எரிந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளாக்கில் விரிசல் விழுந்து, ஆயிலும் தண்ணீரும் கலந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மோர் மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். ஒரு டிரைவரின் பிழைப்பு போவதற்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

நான் கோம்பைக்காரன், பேர் ஈஸ்வரபாண்டி. விடிவதற்கு முன்னால் ஊரில் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் வழியாக மலையேறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது என் வேலை. பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினாறு பேரை ஏற்றலாமா என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். செக்போஸ்டுக்கு முன்னால் ஆறு பேர் இறங்கி, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் மாதிரி தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் ஸ்டீயரிங் பிடிப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான் நடக்கிறது.

பெண்களைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிற கங்காணி ராஜாத்தி. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். முன் சீட் அவளுடையது. எந்த வண்டியில் போவது, யார் வருவது, யார் வரக் கூடாது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். மோசமான பொம்பளை என்று சொல்ல மாட்டேன். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் மல்லுக்கு நின்று கூலியை வாங்கித் தருகிறவள். ஆனால் தான் சொன்னது தப்பு என்று அவள் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பின்பக்கம் கடைசியில், கதவுப் பலகையை ஒட்டிய இடம் பவுனுவுடையது. ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சு இழுத்து இருமத் தொடங்கினால் பக்கத்திலிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று, அவளே அந்தக் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். நாற்று நடக் குனிந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். திராட்சைப் பந்தலில் கையைத் தூக்கி நின்றால் இருமல் பிடித்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து ஏலக்காய் எடுக்கிற வேலை ஒன்றுதான் அவளால் முடிந்தது. அந்த இடம் போனால் அவளுக்குக் கஞ்சி கிடையாது. இது வண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

என் பழைய இன்ஜின் ஏற்றத்தில் கக்குகிற கரும்புகையும் நேராக அந்தக் கடைசி இடத்துக்குத்தான் போகும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? டீசல் வண்டி என்றால் புகைதான்.

கம்பத்தில் வைகுண்டராஜ் என்று ஒரு மெக்கானிக். வேலை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது தேறாது, வேறு இன்ஜின்தான் மாட்ட வேண்டும் என்றான். மதுரையில் விபத்தில் நொறுங்கிப்போன ஒரு வண்டியின் இன்ஜின், பில்லோடு கிடைக்கிறது என்றான். நானும் சரி, மாட்டு என்றேன். அவன் சிரித்தான். ஒரு காலத்தில் டிராக்டர் இன்ஜினைத் தூக்கி ஜீப்பில் வைத்தாலும் கேட்க நாதி கிடையாது. இப்போது புகைக்கு அளவு வைக்கிற யூரோ காலமாம். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது. இன்ஜினை மாற்றும் முன்பே தேனி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும், மாட்டிய பிறகு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரைச் சரிபார்த்துப் புகையை அளந்து பார்ப்பார், அளவு அறுபத்தைந்தைத் தாண்டினால் அந்த இன்ஜின் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாது.

இன்ஜினை மாற்ற ஆன நாளைவிட அனுமதிக்கு அலைந்த நாள் அதிகம். அதைச் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வரும், விட்டுவிடுகிறேன். அந்த நாட்களில் ராஜாத்தி ஒரு வாடகை வண்டியைப் பிடித்து ஒப்பேற்றினாள். எனக்காகக் காத்திருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேனியில் முதல் தடவை புகைக்குழாயில் கருவியைச் செருகி ஆக்சிலேட்டரை மிதித்தபோது எழுபத்தொன்பது காட்டியது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி, வண்டியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். வைகுண்டராஜ் அசரவில்லை. டீசல் பம்ப்பில் ஒரு திருகு இருக்கிறது. அதை உள்ளே விட்டால் டீசல் நிறையப் போகும், புகை வரும், வண்டி இழுக்கும். வெளியே எடுத்தால் டீசல் குறையும், புகை குறையும், இழுப்பும் குறையும். பரிசோதனைக்குப் போகும்போது குறைத்து வைப்பது, பாஸாகி வந்ததும் முதல் டீக்கடையில் நிறுத்திப் பழையபடி கூட்டிவிடுவது. டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது தடவை ஐம்பத்தெட்டுக் காட்டியதும், பானட்டைத் திறக்கச் சொல்லி, அந்தத் திருகின் மேல் கம்பியைச் சுற்றி ஈயத்தில் சீல் அடிக்க வைத்தார். அடுத்த தடவை எஃப்.சி.க்கு வரும்போதோ, ரோட்டில் எங்காவது நிறுத்திப் பார்க்கும்போதோ இந்த ஈயம் அறுந்திருந்தால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான் என்றார். நாங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. ஆள் நேர்மையானவர். தொந்தரவே அதுதான்.

மறுநாள் மலையில் வண்டி நின்றது. பெரிய வளைவில் முதல் கியரில் முக்கி முனகி, பாதி திரும்புவதற்குள் மூச்சு விட்டுவிட்டது. எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னேன். நடந்தார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது கணக்குப்பிள்ளை பேர் போட்டு முடித்துவிட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் கூலி போனது. ராஜாத்தி எனக்குச் செய்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அடுத்தடுத்த நாட்களில் நாலைந்து பேரை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் என்றால் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வைகுண்டராஜ் கோம்பைக்கே வந்திருந்தான். நான் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தினேன். பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டிக்குப் பின்னால் நின்றபடி சத்தமாகக் கேட்டான்.

"இழுப்பு எப்படி இருக்கு?"

கதவுப் பலகையைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த பவுனு, தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரொம்பக் கொறஞ்சிருச்சு தம்பி. இப்பல்லாம் படுத்தாத் தூங்கிர்றேன். நல்லா இருப்பீக," என்று கும்பிட்டாள்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைகுண்டராஜும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்கு இழுப்பு குறைந்ததும் அவளுக்கு இழுப்பு குறைந்ததும் ஒரே ஈயத்தால்தான் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. புகை இல்லை என்பதால் உனக்கு நன்றாக இருக்கிறது ஆத்தா என்று அவளிடம் சொன்னேன். அவள் குனிந்து சைலன்சர் குழாயின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் கொஞ்சம்தான் ஒட்டியது. இதற்கு இவ்வளவு செலவு செய்தாயா என்று கேட்டாள். தனக்காகச் செய்தேன் என்று அவள் நினைத்துவிட்டாளோ என்னவோ, நான் திருத்தவில்லை.

பதினாறு பேரில் இரண்டு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். மிச்சம் பதின்மூன்று பேர். ஒருத்தி கூடுதல். யாரை நிறுத்துவது என்பதுதான் பேச்சு. ஐம்பது அறுபது கிலோ குறைந்தால் போதும், வண்டி ஏறிவிடும் என்று வைகுண்டராஜ் சொல்லிவைத்தான். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராஜாத்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தேங்காய் குடோனுக்கு வரச் சொல்லிவிட்டாள். எடை போட்டுப் பார்த்து முடிவு செய்வதாம்.

எனக்குத் தெரிந்து இந்தப் பள்ளத்தாக்கில் வாழைத்தாரை எடை போட்டிருக்கிறார்கள், திராட்சைக் கூடையைப் போட்டிருக்கிறார்கள். மனுஷிகளை வரிசையில் நிறுத்தி மூட்டைத் தராசில் ஏற்றியது அன்றைக்குத்தான். கூத்து என்றால் அப்படி ஒரு கூத்து. ஒருத்தி கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். ஒருத்தி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருத்தி தலையில் வைத்திருந்த பூவை எடுத்துப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்தாள். குடோன்காரர் தேங்காய்க்குச் சொல்வது போலவே சத்தமாக எடையைச் சொன்னார்.

பவுனு எப்போதும் சேலைக்கு மேல் செத்துப்போன புருஷனின் சட்டைகள் இரண்டைப் போட்டிருப்பாள். மலைக் குளிருக்காக. அதில் பார்த்தால் ஆள் அகலமாகத் தெரிவாள். அவள்தான் கனமாக இருப்பாள் என்று ராஜாத்தி கணக்குப் போட்டிருந்தாள். பவுனு சட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தராசில் ஏறினாள். முப்பத்தாறு கிலோ. குடோன்காரர் முள்ளைத் தட்டி மறுபடியும் பார்த்தார். முப்பத்தாறேதான். இருமியே உடம்பு கரைந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு குடோன்காரர் ராஜாத்தியைப் பார்த்து, நீங்களும் ஏறுங்கம்மா என்றார். வேண்டாம் என்றாள். பெண்கள் விடவில்லை. ஏறினாள். எண்பத்திரண்டு.

ஒருத்தியும் சிரிக்கவில்லை, சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அது சிரித்ததைவிட மோசம். ராஜாத்தியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் வராவிட்டால் அங்கே உங்கள் பேரை யார் சொல்வது என்று கேட்டாள். அது நியாயம்தான், யாரும் மறுக்கவில்லை. அப்புறம் பவுனு பக்கம் திரும்பி, இருமுகிறவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்று கணக்குப்பிள்ளையும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றாள்.

முப்பத்தாறு கிலோ குறைந்து வண்டிக்கு என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்டேன்.

"முப்பத்தாறும் கிலோதானே," என்றாள் ராஜாத்தி.

பவுனு சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான் வண்டியை எடுக்க வந்தபோது அவள் எனக்கு முன்னால் வந்து பானட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குவாளி. வேறு யாரும் இன்னும் வரவில்லை. பானட்டைத் திறக்கச் சொன்னாள். எதற்கு என்றேன்.

"அந்த ஈயத்த அறுத்துரு தம்பி. பழையபடி புகை வரட்டும். நான் குடிச்சுக்கிறேன். எடத்த மட்டும் எடுத்துராத."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவள் மேலா, ராஜாத்தி மேலா, டீ குடிக்காத அந்த இன்ஸ்பெக்டர் மேலா, எல்லார் மேலும்தான். ஈயத்தை அறுத்தால் வண்டி போய்விடும் என்று அவளிடம் கத்தினேன். அவள் தலையாட்டினாள். புரிந்துதான் தலையாட்டினாள். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் பின்கதவைத் திறந்துவிட்டு, பேசாமல் ஏறு என்றேன்.

ராஜாத்தி வந்ததும் பார்த்தாள். நேற்று என்ன பேசினோம் என்று கேட்டாள். இன்றைக்கு ஒரு நாள் பார்ப்போம் அக்கா, ஏறினால் ஏறட்டும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

வண்டி ஏறவில்லை. அதே பெரிய வளைவில், அதே இடத்தில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். நான் பின்பக்கம் வருவதற்குள் பவுனு இறங்கத் தொடங்கியிருந்தாள். ஒரு கால் வெளியே வந்துவிட்டது.

"நீ உக்காரு ஆத்தா. நீ எறங்குனது வண்டிக்குத் தெரியவே தெரியாது," என்றேன்.

அப்புறம் முன்பக்கம் போய் ராஜாத்தியின் கதவைத் திறந்தேன். தராசு சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா, பின்னால் பஸ் வருகிறது, நீங்கள் அதில் மேட்டுக்கு வந்துவிடுங்கள், அங்கே நிறுத்தி ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ராஜாத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கி, ரோட்டோரம் போய் நின்றாள்.

வண்டி ஏறியது. முனகாமல், நிற்காமல் ஏறியது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம், மறைக்க என்ன இருக்கிறது. பின்னால் பவுனு தலையைத் திருப்பி, ராஜாத்தி தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். மேட்டில் ராஜாத்தி பஸ்ஸைவிட்டு இறங்கி வண்டியில் ஏறினாள். பேர் போடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். போகும்போதும் சரி, சாயங்காலம் திரும்பும்போதும் சரி, அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் என் வண்டிக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், அரச மரத்தடியில் அம்மாவாசியின் ஜீப் நின்றது. அம்மாவாசியும் கோம்பைக்காரன்தான். அவன் வண்டி என் வண்டியைவிடப் பழசு. ஆனால் அவன் இன்ஜினை மாற்றவில்லை, அதனால் யாரிடமும் போய் அனுமதி கேட்கவில்லை, அதனால் யாரும் அவன் திருகுக்கு ஈயம் வைக்கவில்லை. அனுமதி கேட்கப் போனவன் நான் ஒருத்தன்தான்.

என் பெண்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் ராஜாத்தி. என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியாகப் பவுனு நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ராஜாத்தியே முன்னாலிருந்து எட்டிப் பார்த்து, ஏறு பவுனு, நேரமாகிறது என்று கூப்பிட்டாள். பதின்மூன்று பேரோடு இன்னும் நாலு பேரை ஏற்றினாலும் அந்த வண்டி மலையேறிவிடும். இடம் இருக்கும்போது அவள் எதற்கு ஒருத்தியை விட்டுவிட்டுப் போகப்போகிறாள்? முன்பும் அவளுக்குப் பவுனு மேல் பகை எதுவும் கிடையாது.

பவுனு ஏறவில்லை. தூக்குவாளியை உள்ளே வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி என்னிடம் அவசரமாக வந்தாள். நடந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"எடம் கெடச்சிருச்சு தம்பி," என்றாள். "கவலப்படாத. கடைசி எடந்தான். கேட்டு வாங்கிட்டேன்."

சரி ஆத்தா, போய்ட்டு வா என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் திரும்ப ஓடிப் போய்க் கதவுப் பலகையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அம்மாவாசி ஆக்சிலேட்டரை மிதித்தான். குப்பென்று வந்த கரும்புகையில் முதலில் அவள் கால் மறைந்தது, அப்புறம் ஆளே மறைந்துவிட்டாள். வாய்க்கால் பாலத்தை வண்டி தாண்டும்வரை இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.